கண்ணு கேம்ப்பு ரோசம்மா

போர்டிங் பையன்களின் பழைய காக்கி டிராயரை எடுத்து, இரண்டு காலையும் தனித்தனியாகக் கத்தரித்து, ஒரு வாயைத் தைத்து மூடிவிட்டு, இன்னொரு வாய் வழியாகச் சலித்த ஆற்று மணலைக் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள் ரோசம்மா. மணலில் பொடிக்கல் ஒன்று கிடந்தாலும் பொறுக்கி வெளியே எறிகிறாள். அரிசியில் கல் பொறுக்கும்போது இந்த அக்கறை எங்கே போகிறது என்பது போர்டிங் பையன்களின் நெடுநாள் சந்தேகம். மணல் நிரம்பியதும் வாயைத் தைத்து, தட்டிக்கொட்டி, தொடையில் வைத்து அமுக்கிப் பார்த்து, "ம், இது படிஞ்சிருச்சி" என்று ஓரமாக அடுக்குகிறாள். கண் ஆபரேஷன் ஆன பெரியவர்களின் தலை அப்படி இப்படித் திரும்பிவிடாமல் இருபுறமும் முட்டுக்கொடுக்கிற மணல் பை அது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்களின் தலை இரண்டு டிராயர்க் கால்களுக்கு நடுவே எட்டு நாள் கிடந்திருக்கிறது. அதை அவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

பாப்பாரப்பட்டியிலிருந்து வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் வருகிற மிஷன் பள்ளிக்கூடத்தில் ரோசம்மா போர்டிங் சமையல்காரி. வருஷம் முழுவதும் களிக்குண்டானோடும் புளிக்குழம்போடும் மல்லுக்கட்டுகிறவள், கிறிஸ்மஸ் முடிந்து பையன்கள் லீவில் வீட்டுக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுவாள். பெஞ்சுகள் எல்லாம் புளியமரத்தடிக்கு வந்துவிடும். வகுப்பறைகளில் வைக்கோல் பரப்பி அதன் மேல் பாய் விரிப்பார்கள். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து டாக்டர்கள் வேனில் வந்து இறங்க, ஐந்தாம் வகுப்பு ஆபரேஷன் தியேட்டராகிவிடும். வயதானவர்களின் கண்ணில் விழுந்த திரையைக் காசில்லாமல் எடுத்துவிடுகிற முகாம். ஊர் அதைக் 'கண்ணு கேம்ப்பு' என்கிறது. முதல் கேம்ப்பு நடந்த வருஷத்திலிருந்து அந்தப் பெயர் ரோசம்மாவின் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. அவள் கணவன் மரியசூசை ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத மனுஷர். அவரே ஒருமுறை வாய்திறந்து, "பதனோரு மாசம் எம் பொண்டாட்டி. மீதி மாசம் கேம்ப்பு பொண்டாட்டி" என்று மில்லில் சொல்லியிருக்கிறார்.

ரோசம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு. தோளில் எப்போதும் ஓர் ஈரத்துணி. ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லும்போது இதையெல்லாம் சொல்வதில்லை, சிரிப்பைத்தான் சொல்வார்கள். முதலில் தோள் குலுங்கும், பிறகு வயிறு குலுங்கும், சத்தம் கடைசியில்தான் வரும். வந்தால் லேசில் போகாது, பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்துக்கொள்ளும். கோயிலில் பிரசங்கத்துக்கு நடுவே ஒருநாள் அந்தச் சிரிப்பு வந்துவிட, நரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சாமியார் தானும் சிரித்துவிட்டு, பூசையை அவசரமாகத் தொடர்ந்தார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். கண்ணில் போடுகிற தையல் தலைமுடியைவிட மெல்லிசு. இரண்டு கண்ணையும் கட்டி, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது, அழக் கூடாது. முக்கியமாகச் சிரிக்கக் கூடாது. தையல் விட்டால் கண் போச்சு. முதல் வருஷக் கேம்ப்பில் கஞ்சி ஊற்றும்போது ரோசம்மா ஏதோ சொல்லப்போய், வார்டே பாயோடு குலுங்கி, தலைமை நர்ஸம்மா ஓடிவந்து அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். நல்லவேளையாக அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதிலிருந்து வார்டுக்குள் கால் வைக்கும்போதே முந்தானை முனையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்வாள். யாராவது பேசுவதற்கு வாயெடுத்தால் முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, "சிரிக்காதீங்க" என்பாள். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த கன்னடக்காரப் பாட்டி என்றால் "நகபேடி அஜ்ஜி." தெலுங்குக்காரர் என்றால் "நவ்வொத்து, தாத்தா." அந்த இரண்டு பாஷையிலும் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிரிக்காதே என்று மட்டுமே பேசத் தெரிந்த ஒருத்தியை நினைத்து அவர்களுக்குச் சிரிப்பு வந்தால் அது வேறு விஷயம்.

வருகிறவர்களின் இடுப்பைத் தடவிப் பார்க்கிற அதிகாரமும் அவளுக்கு உண்டு. பீடிக்கட்டு, புகையிலை, மூக்குப்பொடி டப்பா எல்லாம் சுருக்குப் பையோடு பறிமுதலாகி, ஹெட்மாஸ்டர் அறைச் சுவர் ஆணிகளில் தொங்கும். "போவும்போது வாங்கிக்குங்க. ஒரு தும்மலுக்கு ஒரு கண்ணு, கட்டுப்படியாவாது" என்பாள். களி விஷயத்தில் மட்டும் அவள் நோயாளிகள் கட்சி. மெல்லுகிற சாப்பாடு கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "களிய யாருங்க மெல்லுவாங்க? அது முழுங்கறது" என்று சண்டைக்குப் போனாள். டாக்டர் ஒரு உருண்டை வாங்கி முழுங்கிப் பார்த்தார். தொண்டையில் சிக்கி, கண்ணில் தண்ணீர் வந்து, தண்ணீர் குடித்து நிமிர்ந்த பிறகு, "கஞ்சியே ஊத்தும்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் தோற்றுப்போனது அந்த ஒரு வழக்கில்தான்.

கேம்ப்பு இல்லாத நாட்களிலும் வயதானவர்கள் அவளைத் தேடி வருவார்கள். மிஷன் மருந்தகத்தில் எந்தக் கிழமை மூட்டுவலித் தைலம் கொடுக்கிறார்கள், பால் பவுடர் எப்போது வருகிறது, முதியோர் பென்ஷனுக்குத் தாலுகா ஆபீசில் யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிட்டு விட மாட்டாள். பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் "எறக்கி வுட்டுட்டுத்தான் விசில் அடிக்கணும்" என்று மிரட்டி அனுப்புவாள்.

கேம்ப்புக்கு ஆள் பிடிப்பது சந்தையில். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குக் காய் வாங்கப் போகிறவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு, போகிற வருகிற பெரியவர்களின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். யார் சேற்றில் மிதிக்கிறார்கள், யார் மேடு வந்ததும் காலைத் துழாவுகிறார்கள், யார் மாட்டுக்கயிறு தடுக்கி விழப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பாள். "கண்ணு தெரியுதான்னு கேட்டா எல்லாரும் தெரியுதுன்னுதான் சொல்லுவாங்க. காலுக்குப் பொய் சொல்லத் தெரியாதில்ல" என்பது அவள் கணக்கு.

அப்படித்தான் எழுபத்து நாலாம் வருஷம் மாட்டுத் தரகர் சென்றாயன் அவள் கண்ணில் பட்டார்.

அறுபத்தெட்டு வயது. இண்டூர்ப் பக்கத்தில் வீடு. மாட்டுச் சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல. வாங்குகிறவன் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும், விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். எத்தனை விரல் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துக் குலுக்கினால் வியாபாரம் படிந்தது என்று அர்த்தம். மாட்டின் பல்லையும் சுழியையும் சென்றாயன் தடவியே சொல்லிவிடுவார். அதனால் அவருக்குக் கண் தெரியாமல் போய்ப் பல மாதம் ஆனது சந்தைக்கே தெரியாது. ரோசம்மா பார்த்தாள். மனிதர் சாணியில் கால் வைத்து, அதை அறியாமல் நின்று, மூன்று மாட்டுக்கு விலை முடித்தார்.

விசாரித்தபோது விஷயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வலது கண் பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. திரை எடுக்கிறேன் என்று ஊர் ஊராகத் திரிந்த ஊசிக்காரன் ஒருவன் குத்திக் கெடுத்தது. "நாந்தான் வெவரம் கெட்டவன், அவங்கிட்ட போயி உக்காந்தேன்" என்பார் சென்றாயன். இப்போது திரை விழுந்திருப்பது மிச்சமிருக்கும் இடது கண்ணில். அதில் யாரும் கை வைக்க அவர் விட மாட்டார். ரோசம்மா சந்தைக்குச் சந்தை கெஞ்சினாள். "எனக்கு வெரலு போதும்மா. கண்ணு எதுக்கு" என்று சிரித்தே அனுப்பிவிடுவார்.

கிறிஸ்மஸுக்கு முந்திய சந்தையில் ரோசம்மாவுக்குப் பொறுமை போயிற்று. நேராக மாட்டுச் சந்தைக்குள் போனாள். தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்துச் சென்றாயன் கைமேல் போட்டாள். அந்தச் சந்தையில் பொம்பளை துண்டு போட்டு யாரும் பார்த்ததில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் மாட்டை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"பெரியப்பா, ஒரு கண்ணு வெலைக்கு வந்திருக்குது. பேசலாமுங்களா?"

சென்றாயனுக்குக் கை தானாக வேலை செய்தது. "என்ன வெல?"

துணிக்கு அடியில் அவள் ஐந்து விரலைப் பிடித்தாள், பிறகு மூன்றைப் பிடித்தாள். எட்டு நாள் அசையாமல் படுக்க வேண்டும். அவர் இரண்டு விரலைத் திருப்பினார். அவள் மறுபடி ஐந்து, மூன்று. அவர் நாலுக்கு வந்தார். அவள் அசையவில்லை.

"பேரத்துக்கு வந்துட்டு ஒரே வெலையில நிக்கறியேம்மா. எறங்கி வா."

"இது டாக்டர் வச்ச வெலைங்க. எங் கையில ஒண்ணுமில்ல."

சுற்றி நின்ற தரகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "படிய வச்சுரு மாமா, படிய வச்சுரு" என்று கத்தினார்கள். சென்றாயன் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒரு வெசயம். எம் பொண்டாட்டி தீர்த்தத்துக்குத் தெரியக் கூடாது. பயந்துக்குவா" என்றார். ரோசம்மாவுக்கு அந்த நேரத்தில் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துக் குலுக்கிவிட்டாள்.

மனைவி தீர்த்தம்மாளிடம் ஓசூர்ப் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போகிறேன், வரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுச் சென்றாயன் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "தைரியமான ஆளு" என்றார் டாக்டர். இரண்டு கண்ணும் கட்டப்பட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் காக்கி டிராயர் வைக்கப்பட்டு, வரிசையில் ஏழாவது ஆளாகக் கிடந்தார். ரோசம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். பக்கத்துப் பாயில் இன்னாசி என்கிற பழைய பண்ணையாள். பார்க்க முடியாத இரண்டு பேரும் படுத்தபடியே உதட்டை அசைக்காமல் மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ரகசியம் என்பது அந்த ஊர்ப்பக்கத்தில் எத்தனை நாள் தாங்கும்? மாமனாருக்குத் துணையாகக் கேம்ப்பில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருத்தி, தீர்த்தம்மாளைக் கிணற்றடியில் பார்த்து, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னாள்: "உங்க வூட்டுக்காரர மிஷன் பள்ளிக்கூடத்துல வரிசையில நீட்டிப் போட்டிருக்காங்களே ஆயா. மூஞ்சியில துணி கட்டியிருக்குது. ஆடல அசங்கல."

தீர்த்தம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பஸ்ஸில் வந்தாளா, வண்டியில் வந்தாளா என்று அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. வாசலில் நின்றவர்கள் தடுப்பதற்குள் வார்டுக்குள் நுழைந்துவிட்டாள். வரிசையாக மல்லாந்து கிடக்கும் உருவங்கள், எல்லார் முகத்திலும் வெள்ளைத் துணி, யாரும் அசையவில்லை. கணவனின் காலை அவளுக்குத் தெரியும். அந்தக் காலடியில் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு, நல்ல குரலெடுத்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சந்தைக்குப் போனவரே, எஞ் சாமி,
சொன்ன நாளில் வருவீருன்னு
சட்டி கழுவி வச்சேனே!
அதட்டி ஒரு சொல்லு சொல்லாத
அருமை மவராசா,
பொய்யின்னா என்னான்னு
புரியாத பொன்னு வாயி
பூட்டிக் கெடக்குதே!"

வார்டில் கிடந்த அத்தனை பேருக்கும் சென்றாயனைத் தெரியும். அவர் கைமாற்றிவிட்ட மாடு அநேகமாக எல்லார் வீட்டுத் தொழுவத்திலும் நின்றிருக்கிறது. கிழடு தட்டிய மாட்டைப் பால்பல் கன்று என்று தலையில் கட்டிய மனுஷர். பொய் என்றால் என்ன என்று புரியாத வாய் என்று கேட்டதும் இன்னாசியின் தொண்டையிலிருந்து 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு அடுத்த பாயில் வயிறு ஏறி இறங்கியது. சிரிப்பு ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குத் தாவியது. சென்றாயனின் மீசையே துடிக்க ஆரம்பித்தது. செத்துப்போனதாக நினைத்துத் தன் பெண்டாட்டி பாடுவதைக் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதுவும் நாற்பது வருஷமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத பெண்டாட்டி.

ரோசம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "சிரிக்காதீங்க! நகபேடி! நவ்வொத்து!" என்று வரிசைக்கு வரிசை ஓடினாள். அவளுக்கே தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. கையில் இருந்த கரண்டிக் காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள். கன்னடப் பாட்டி, பாஷை புரியாததால் தப்பித்து, "யாரு சத்தோரு?" என்று செத்தது யார் என விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அடியில் எல்லாம் மாறிப்போயிற்று.

"ஊசிக்காரன் வந்தானே,
உன் வாசல் வந்தானே!
வேணான்னு சொன்னவர,
வெளக்கேத்தி உக்கார வச்சி,
எங் கையால காட்டினேனே,
எங் கையால கெடுத்தேனே!
ஊருக்குச் சொல்லாம
உம் மேலயே போட்டுக்கிட்ட
ஒத்தக் கண்ணு தெய்வமே!"

வார்டு அடங்கிவிட்டது. ஊசிக்காரனிடம் தானே போய் உட்கார்ந்ததாகத்தான் சென்றாயன் இத்தனை வருஷம் ஊரிடம் சொல்லியிருந்தார். கூட்டிவந்தவள் தீர்த்தம்மாள் என்பது இன்னாசிக்குத் தெரியாது, ரோசம்மாவுக்கும் தெரியாது. எதற்காக அவளிடம் சொல்லக் கூடாது என்று சந்தையில் கேட்டுக்கொண்டார் என்பது இப்போதுதான் ரோசம்மாவுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால், சென்றாயனின் தாடை நடுங்குகிறது. மார்பு விம்மி எழுகிறது. சிரிப்புக்குப் பயந்து ஓடிவந்த இடத்தில் அழுகை வந்து நிற்கிறது. மிச்சமிருக்கும் ஒரே கண். அதில் போட்ட தையல் மூன்று நாள் பழசு. இவர் இப்போது தேம்பினால் அவ்வளவுதான்.

கரண்டியைப் போட்டுவிட்டு ரோசம்மா தீர்த்தம்மாளின் வாயைப் பொத்தினாள். "பெரியம்மா, ஆளு உசுரோட இருக்குது! அழுவாதீங்க, நீங்க அழுதா அவரும் அழுவாரு, கண்ணு போயிரும்!" தீர்த்தம்மாளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. திமிறினாள். சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. ரோசம்மா தோளில் கிடந்த ஈரத்துணியை உருவினாள். சென்றாயனின் வலது கையை எடுத்து, தீர்த்தம்மாளின் கையை அதில் வைத்து, இரண்டுக்கும் மேலே துணியைப் போட்டாள்.

"பேசுங்க பெரியப்பா. வாயால வேணாம். வெரலால பேசுங்க."

துணி கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு அசைந்தது. என்ன பேசினார் என்பது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தரகர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், அந்தப் பாஷை அவளுக்கு வராமல் இருக்குமா? ரோசம்மாவின் கைக்கு அடியில் தீர்த்தம்மாளின் உதடு மெல்ல அடங்கியது. மூச்சு சீரானது. கடைசியில் துணிக்கு அடியில் இரண்டு கையும் முழுசாகப் பிடித்துக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கின. சென்றாயனின் மார்பு தணிந்தது. வியாபாரம் படிந்துவிட்டது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் புரிந்தது. பக்கத்துப் பாயில் கண் கட்டிக் கிடந்த இன்னாசிதான், "என்னா ஆச்சி? யாராச்சும் சொல்லுங்களேன்" என்று தவித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தையல் தாங்கியதா? நர்ஸம்மா வந்து கட்டின் மேலாகப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இப்பப் பிரிக்க முடியாது. கட்ட அவுக்கற அன்னிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ரோசம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தான் கையைக் குலுக்கியதுதான் வினை என்று மருகினாள். மிச்ச நாளெல்லாம் கஞ்சியில் ஒருநாள் உப்பு இல்லை, ஒருநாள் உப்பைத் தவிர எதுவும் இல்லை. தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போகாமல் சமையல்கட்டிலேயே தங்கிவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து, கணவன் ஏமாற்றி விற்ற மாடுகளின் கதைகளை வரிசையாகச் சொன்னாள். வேறு சமயமாக இருந்தால் ரோசம்மா பாத்திரத்தைப் போட்டு உருட்டிச் சிரித்திருப்பாள். அந்த வாரம் "ம்" என்று கேட்டுக்கொண்டதோடு சரி. அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தீர்த்தம்மாள் முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரிக்கிற நாளில் சமையல்கட்டை விட்டு ரோசம்மா நகரவில்லை. "பாலு பொங்கிரும்" என்றாள். அடுப்பில் பால் இல்லை. தீர்த்தம்மாள் மட்டும் எழுந்து போய், வார்டின் கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்றாள்.

டாக்டர் ஒவ்வொருவராகப் பிரித்துக்கொண்டு வந்தார். ஏழாவது பாயைக் கடைசிக்கு வைத்திருந்து, அதற்கு வந்தார். துணியை அவிழ்த்து, பஞ்சால் ஒற்றி, தடித்த கண்ணாடி வில்லை ஒன்றை இடது கண்ணுக்கு முன்னால் பிடித்து, இரண்டு விரலை நீட்டினார்.

"எத்தனைன்னு சொல்லுங்க."

சென்றாயன் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார். டாக்டரின் விரலையே பார்த்தபடி இருந்தார். நர்ஸம்மாவின் முகம் வாடத் தொடங்கியது.

"ரெண்டு" என்றார் சென்றாயன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பத்தா, ரெண்டு நூறா? ஏன் டாக்டரே, துண்டு போடாம வெட்டவெளிச்சத்துல வெரல நீட்டறீங்களே, நாலு பேரு பாத்தா யாவாரம் கெட்டுரும்ங்க" என்றார்.

வார்டு வெடித்தது. கட்டுப் பிரித்தவர்கள் பயமில்லாமல் சிரித்தார்கள். டாக்டர் கண்ணாடி வில்லையைத் தவற விடப் பார்த்தார். நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சென்றாயன் அந்த வில்லையை வாங்கித் தானே கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். தூண் வரைக்கும் போன பார்வை அங்கேயே நின்றது.

"தீர்த்தம், ஏம்புள்ள மறஞ்சி நிக்கற? மூக்குத்தி மின்னுது, நல்லாத் தெரியுது."

தீர்த்தம்மாள் வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "முடியெல்லாம் எப்ப வெளுத்துச்சி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே" என்றார். "உங்கிட்ட சொல்லி என்னா, நீ அதையும் கறுப்புன்னு வித்துருவ" என்றாள் அவள். ஒப்பாரியோடு நல்ல வார்த்தைகள் முடிந்துபோயின என்பது அவருக்குப் புரிந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

சிரிப்புச் சத்தம் சமையல்கட்டுக்குக் கேட்டது. ரோசம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, வார்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயெல்லாம் பல். இவ்வளவு சந்தோஷத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாசல்ல யாரு, நெழலு மாரி?" என்றார் சென்றாயன்.

"நாந்தானுங்க பெரியப்பா. ரோசம்மா."

"நீயா? இத்தன மாசமா உன் சத்தத்தத்தான் கேக்கறேன். மூஞ்சி எப்பிடி இருக்கும்னே தெரியாது. எருமக் கெடா மாரி கொரலு வச்சிருக்கியே, பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. வெளிச்சத்துக்கு வா தாயி."

இன்னாசி உட்பட வார்டு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. இன்றைக்குத்தான் முதல்முதலாக அவர்கள் எல்லாருமே அவளைப் பார்க்கப் போகிறார்கள். ரோசம்மா கன்னத்துக் கரியைப் புறங்கையால் அவசரமாகத் துடைத்தாள். கலைந்த முன்முடியை எச்சில் தொட்டுப் படிய வைத்தாள். நேராக நடந்துபோய், ஜன்னல் கதவு இரண்டையும் தள்ளித் திறந்து, வெயில் முகத்தில் முழுசாக விழும்படி அவர்கள் பக்கம் திரும்பி, போட்டோவுக்கு நிற்கிறவளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.